வெர்லினின் கோணல் அச்சு

வார்த்து ஆறிய துப்பாக்கிக் குண்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் அதன் இடுப்பை வருடுகிறார் வெர்லின் ஹாகன். நகம் ஓரிடத்தில் இடறுகிறது. "பாத்தியா? எறும்பு ஏறி எறங்க படி கட்டின மாதிரி!" என்று என்னிடம் காட்டிவிட்டு, அதைத் திரும்ப ஈயச் சட்டியிலேயே போட்டு உருக்குகிறார். முகத்தில் வருத்தம் இருக்க வேண்டுமே, இல்லை.

குண்டு வார்க்கும் அச்சு இரண்டு பாதியாக வரும். ஒன்றின் முளை மற்றதன் குழியில் சரியாக உட்கார வேண்டும். வெர்லினின் அச்சில் அது மயிரிழை விலகியே உட்காரும். பனி விழ ஆரம்பித்தால் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, கார் ஷெட்டைப் பட்டறையாக்கிக்கொள்வார். முளையைத் தட்டுவார், ராவுவார், பல்குத்தும் குச்சியால் சுரண்டுவார். வெளியே கார் பனியில் புதைந்து கிடக்கும். அவர் மனைவி ஆர்டிஸ் மண்வெட்டியோடு அதைத் தோண்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வருவார்.

எங்கள் மொன்டானா ஊர் துப்பாக்கி சுடும் கிளப்பில் ஞாயிறு போட்டிக்குக் கடைக் குண்டு கூடாது. அவரவர் வார்த்ததைத்தான் சுட வேண்டும். வெர்லின் துப்பாக்கியைத் தூக்கினால், இலக்கு அட்டை ஒன்றுதான் பயப்படாமல் நிற்கும். "கை என்ன பண்ணும்? அச்சு கோணல்" என்பார். "அது மட்டும் நேரா இருந்திருந்தா நீ எப்பவோ சாம்பியன்யா!" என்று கூடச் சுடும் மார்வ் கத்துவான். கிளப்பே சிரிக்கும். வெர்லின் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு கம்பீரமாகத் தலையாட்டுவார். நாலு பேர் நடுவே அவருடைய மானம் அந்த மயிரிழையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஜனவரியில் விபரீதம் நடந்துவிட்டது. அச்சு சரியாகிவிட்டது.

முளையில் ஏதோ ஒரு தட்டு தட்டியிருக்கிறார்; பாதிகள் சேர்ந்த இடமே தெரியவில்லை. வார்த்த குண்டை நகத்தால் வருடினார். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டு மறுபடி வருடினார். பிறகு என் கையில் கொடுத்தார். வழவழவென்று இருந்தது.

"அருமையா வந்திருக்கு வெர்லின்!" என்று சொல்லித் தொலைத்தேன்.

மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஞாயித்துக்கெழம போட்டி இருக்கேப்பா..." என்றார். சிரிக்கத்தான் போனேன்; பாவமாகப் போய்விட்டது.

ஆர்டிஸ் காப்பியும் எலுமிச்சை கேக்கும் கொண்டுவந்தார். குண்டை வாங்கி உருட்டிப் பார்த்தார். கேக்கைத் தொடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்த கணவரையும் பார்த்தார். சுத்தியலை எடுத்து, முளையின் தலையில் நிதானமாக ஒரு தட்டு தட்டினார். அச்சை மூடி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெர்லின், நீ ஒழுங்கா பாக்கல. இன்னும் கோணலாத்தான் இருக்கு."

அந்தச் சுத்தியல் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். வெர்லின் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, கேக் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.