காப்புக் கயிறும் நெஞ்செரிச்சலும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், கோர்வையாக எழுத வராது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. நான் திரௌபதி அம்மனைக் கும்பிடுகிறவன். என் நோயைப் பற்றி எழுதினால், அம்மன் இவனைக் கைவிட்டுவிட்டாள் என்று சிலர் சொல்வார்கள். பக்தி முற்றிக் கெட்டான் என்று சிலர் சிரிப்பார்கள். இரண்டும் உண்மை இல்லை. இப்போது எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். மரவள்ளிக் காட்டில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு நாள், தொண்டை வரைக்கும் புளித்த தண்ணீர் ஏறி வந்தது. துப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது. சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்சின் நடுவே நெருப்பு வைத்தாற்போல் எரியும்.

ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். மலையிலிருந்து சந்தைக்கு வருகிறவர்கள் கொடுத்த கடுக்காய்ப் பொடியைத் தின்றேன். கொஞ்ச நேரம் அடங்கும், மறுபடி எரியும்.

எரிகிறது என்றதும் எங்களுக்கு நினைவு வந்தது தீக்குண்டம்தான். அதற்கு முந்தைய வருஷம் என் மனைவி பச்சையம்மாள் காய்ச்சலில் கிடந்தபோது, தீ மிதிக்கிறேன் என்று அம்மனிடம் வேண்டியிருந்தேன். அவள் பிழைத்தாள். நான் மிதிக்கவில்லை. கரும்பு வெட்டு, அது இது என்று தள்ளிப்போனது. அந்தக் கடன்தான் நெஞ்சில் எரிகிறது என்று முடிவு கட்டினோம். ஊரில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொன்னார்கள்.

அந்த வருஷத் தீமிதித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள், நானும் கட்டிக்கொண்டேன். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டிப் போய்த் தங்கக் கூடாது, கறி, மீன் என்று கவிச்சி எதுவும் கூடாது, ஒருபொழுதுதான் சாப்பாடு. நான் இன்னும் சுத்தமாக இருக்க நினைத்து, பகலெல்லாம் பட்டினி கிடந்து, இருட்டிய பிறகு ஒரே வேளையாக வயிறு நிறையப் புளிக்குழம்புச் சோறு சாப்பிட்டுவிட்டு, தரையில் பாயைப் போட்டு உடனே படுத்துவிடுவேன். காலையில் வெறும் வயிற்றில், சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடிப்பேன். சூடு தணியும் என்று நம்பினேன். இந்த நோய்க்கு ஆகாதது என்று டாக்டர்கள் சொல்வதையெல்லாம் நேர்த்திக்கடன் போல ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறேன். அப்போது தெரியாது.

தீமிதிக்குச் சில நாள் இருக்கும்போது, எங்கள் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த இட ஒதுக்கீட்டுப் போராட்டம் முற்றியது. மரங்களை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள். பஸ் நின்றது. ஊருக்கு ஊர் போலீஸ், கூட்டம் கூடக் கூடாது என்று தடை. திருவிழா நின்றுபோனது. கட்டிய காப்பை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை. அம்மன் காரியம் முடியாமல் எப்படி அவிழ்ப்பது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

பச்சையம்மாளின் தம்பி ஏழுமலை எதற்கும் கிண்டல் பேசுகிறவன். "குண்டத்துக்குக் கட்டை வாங்கக் காசு வசூல் பண்ணீங்களே மாமா, இன்னாத்துக்கு? ரோட்டுல கெடக்குற புளியமரத்த இழுத்தாந்தா நம்மூருக்கும் ஆவும், பக்கத்து ஊருக்கும் ஆவும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது எனக்கு நெஞ்சுக்குள் கத்தி வைத்து இழுத்தது.

ரோடு திறந்த பிறகும் திருவிழாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. வாரம் வாரமாகப் போனது. விரதத்தை விடவில்லை. ஒருநாள் கேழ்வரகுக் களி உருண்டை நெஞ்சுக்கு நடுவே நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன், தண்ணீரும் திரும்பி வந்தது.

"இன்னாங்க ஆச்சு? கண்ணு சொருகுது?"

"எறங்கல."

"கௌம்புங்க, கள்ளக்குறிச்சிக்குப் போலாம்."

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். மஞ்சள் கயிறு. அவள் அழவில்லை. நேராகக் கோயிலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் கையில தானே கட்டினேன் பச்சையம்மா, இவன் கழுத்துல கட்டுன மாதிரி இல்ல நிக்கிறான்" என்றார். என் சாப்பாட்டு முறையை அவள் சொன்னதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒருபொழுதுன்னா ராத்திரியில துன்னுன்னு எவன்டா சொன்னது? நானே உச்சிப்பொழுதுக்குச் சாப்ட்டுக்கினுதான் இருக்கேன்."

கூட வந்திருந்த ஏழுமலை கையை நீட்டினான். "மாமா கயித்த அவுத்து எனக்குக் கட்டுங்க. ஏற்கெனவே ஒண்ணு கெடக்குது, ரெண்டாக் கெடக்கட்டும். ஒரு காலு எனக்கு மிதிக்கறேன், ஒரு காலு அவருக்கு."

பூசாரி அப்படியே செய்தார். கற்பூரத்தைக் கொளுத்தி, "ஆத்தா ஒத்துக்குவா, போ" என்றார். எனக்கு அப்போது வந்த அழுகை வலியால் இல்லை.

கள்ளக்குறிச்சி டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே எண்டோஸ்கோபி (விளக்கு வைத்த குழாயை வாய் வழியாக விட்டு உள்ளே பார்ப்பது) செய்தார்கள். டாக்டரம்மா தாளில் படம் போட்டுக் காட்டினார். உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவே ஒரு வாசல் இருக்கிறதாம். எனக்கு அது சரியாக மூடுவதில்லை. இரைப்பையில் சோற்றைக் கரைக்கிற அமிலம் மேலே ஏறி, குழாயைப் புண்ணாக்கியிருக்கிறது. புண் ஆறி, மறுபடி புண்ணாகி, ஸ்டிரிக்சர் (வடு இறுகிக் குழாய் சுருங்கிப்போவது) ஆகிவிட்டது.

"எரிச்சல் ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா மாத்திரையோட முடிஞ்சிருக்கும்" என்றார். "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

பச்சையம்மாள்தான், "சாமி காரியம்மா" என்றாள். டாக்டரம்மா அடுத்துச் செய்ய வேண்டியதை எழுத ஆரம்பித்தார்.

டைலேட்டர் (சுருங்கிய குழாயை விரிக்கும் வழவழப்பான தண்டு) விட்டார்கள். அமிலத்தைக் குறைக்க மாத்திரை, எரிச்சலுக்கு வெள்ளை மருந்து. மற்றதெல்லாம் வீட்டில் செய்ய வேண்டியது. இதே நோயுள்ளவர்களுக்காக எழுதுகிறேன்: பொழுது இறங்கும் முன் சாப்பாட்டை முடியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். சாப்பிட்டதும் படுக்காதீர்கள், குனிந்து வேலை செய்யாதீர்கள். கட்டிலின் தலைமாட்டுக் காலுக்குக் கீழே செங்கல் வையுங்கள். தலையணையை உயர்த்தினால் போதாது, கழுத்துத்தான் வலிக்கும். வேட்டியை இறுக்கிக் கட்டாதீர்கள். புளி, காரம், எண்ணெய்ப் பண்டம், காப்பி, புகையிலை வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இதையெல்லாம் தவறாமல் செய்தேன். எரிச்சல் குறைந்தது. பிற்பாடு இன்னும் வலுவான மாத்திரைகள் வந்தபோது முக்கால்வாசி போயே போய்விட்டது. ஆனால் குழாய் மறுபடி சுருங்கியது. விரித்தார்கள். சுருங்கியது. குணமாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

அடுத்த வருஷம் தீமிதி நடந்தது. ஏழுமலை அந்தக் கயிறுகளை வருஷம் பூராவும் அவிழ்க்காமல் வைத்திருந்து குண்டத்தில் இறங்கினான். ஏறியதும் என்னைப் பார்த்து, "உங்க காலுதான் மாமா ஜாஸ்தி சுட்டுது" என்று சிரித்தான். வேண்டுதல் தீர்ந்தது. நெஞ்சில் அடைப்பு அப்படியேதான் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது: அம்மன் என்னை எரிக்கவே இல்லை. எரித்தது என் வயிற்றுத் தண்ணீர். அவள் பேரில் பாரத்தைப் போட்டுவிட்டு நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தோம்.

இன்று என் சாப்பாடு, குழையக் குழைய வடித்து மசித்த சோறு. பொங்கல் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிப் பச்சையம்மாளிடம் கொடுத்துவிடுகிறேன். கோயில் கூழ் மட்டும் இறங்குகிறது. விழுங்குவது என்பது முன்பெல்லாம் எனக்குத் தெரியாமலே நடந்த காரியம். இப்போது ஒவ்வொரு வாய்க்கும், போகுமா என்று உள்ளே காது கொடுத்துக் கேட்கிறேன். சித்திரை, ஆடி என்று மாசக் கணக்கு போய்விட்டது. குழாய் விரித்த நாளிலிருந்து அடுத்து விரிக்கும் நாள் வரைக்கும்தான் எனக்கு ஒரு காலம். அந்தக் காலம் வரவரக் கம்மியாகிக்கொண்டே போகிறது. இனி விரிக்க முடியுமா என்பதை டாக்டர்கள் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

எழுத உட்கார்ந்த காரணத்தைச் சொல்கிறேன். இந்த வருஷம் காப்புக் கட்டிய பிறகு ஏழுமலை வீட்டுக்கு வந்தான். பேசிக்கொண்டே நெஞ்சைத் தேய்த்தான்.

"எரியுதாடா?"

"லேசாத்தான் மாமா. காப்ப அவுத்ததும் பாத்துக்கலாம்."

"இன்னைக்கே கௌம்புடா. பூசாரிகிட்ட நான் சொல்றேன். என் கையில கட்டச் சொல்றேன்."

"உங்க கையில கட்டினா அப்பறம் எந்தக் காலால மிதிப்பீங்க?" என்று சிரித்துக்கொண்டே, பச்சையம்மாள் கொடுத்த எலுமிச்சம்பழத் தண்ணீரை வேண்டாம் என்று நான் தடுப்பதற்குள் குடித்துவிட்டுப் போய்விட்டான். பழக்கம், அவளுக்கும் கை அப்படியே போய்விட்டது. அவன் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பேச்சு எடுபடாததால் எழுதுகிறேன்.

இதைப் படித்தவர்கள், நெஞ்சைத் தேய்க்கிற இன்னொருவருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது, அம்மன் தண்டித்தாள் என்று சேர்க்காதீர்கள். அம்மன் காப்பாற்றினாள், அவன் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான் என்றும் சேர்க்காதீர்கள். பூசாரி கயிற்றை அவிழ்த்துக் கொடுத்ததை விட்டுவிடாதீர்கள். இருந்தது இருந்தபடியே சொல்லுங்கள்.