பங்களா பெஞ்சு

செஞ்சியில் ஒரு பழைய சாமான் கடைக்குள் நுழைந்ததும், தேக்கும் மெழுகுவத்தியும் கலந்த வாசனை வந்தது. எங்கள் ஊர் மாதா கோயிலின் பங்களா பெஞ்சு மூலையில் கிடந்தது. கோயிலைக் கட்டிக்கொடுத்த பங்களாக்காரர்கள் பூசைக்கு உட்கார்ந்த ஒரே பெஞ்சு அது. அவர்கள் நிலத்தை விற்றுவிட்டுப் போய், பங்களாவில் வௌவால் குடியேறி, கூரையும் விழுந்த பிறகும், ஞாயிறுதோறும் அதைத் துடைத்துக் காலியாக வைத்துவிட்டு நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். அவர்கள் நிலத்தில் உழுதே முட்டி தேய்ந்த நைனா, எழுந்திருக்கக்கூட அதைப் பிடிக்கமாட்டார். என் தோளைத்தான் பிடிப்பார்.

"பெஞ்சுல உக்காரேன் நைனா, யாரு கேக்கப் போறாங்க?"

"அவங்க வந்துட்டா இன்னாடா பண்ணுவே?"

கடைசிவரை யாரும் வரவில்லை. நைனாவும் போய்விட்டார். பழைய கோயிலையும் இடித்துவிட்டார்கள்.

"உக்காந்து பாரு சார், சும்மா இரும்பாட்டம் இருக்குது" என்றார் கடைக்காரர்.

நூறு கிலோ உடம்பை, யோசிக்காமல், பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் இறக்கிவிட்டேன். இறக்கியது சுலபம். ஏற்றத்தான் முடியவில்லை.

கடைக்காரர் சிரித்தார். "பெஞ்ச புடிச்சி எழுந்துரு சார்."

கையை நீட்டினேன். அது பாதியிலேயே நின்றுவிட்டது.

"கொஞ்சம் உங்க தோளைக் குடுங்க" என்றேன்.