எந்த லினக்ஸ் ஈஸி?

போன வாரமும் ஒருவர் கேட்டார். "சார், விண்டோஸை எடுத்துட்டுப் புதுசா போடறவங்களுக்கு எந்த லினக்ஸ் ஈஸி?"

கம்ப்யூட்டர் பற்றி நாலு வரி எழுதித் தொலைத்ததற்குத் தண்டனை இது. கல்யாணப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். நானும் அலுக்காமல்... பொய், அலுத்துக்கொண்டேதான், ஒரே பதிலைச் சொல்லி வந்தேன். "மின்ட்னு ஒரு ரகம் இருக்கு, அதைப் போடுங்க. கேட்கிற இடத்துல எல்லாம் ஓகே கொடுங்க. அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்."

சதுரங்கப்பட்டினத்தில் என்னோடு படித்த ஏழுமலை இருக்கிறான். மீன் பிடிக்கிறவன். அவனுடைய பழைய லேப்டாப் ஆன் ஆவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். இதைப் போட்டால் வேகமாகிவிடும் என்று, மின்ட் ஏற்றிய பென் டிரைவை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை போன் செய்தான். நான் அச்சரப்பாக்கம் பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன்.

"மச்சான், இன்னாவோ எரேஸ் டிஸ்க்குனு கேக்குது. குட்துடவா?"

"கொடுத்துடுடா."

"மறுபடியும் கேக்குது மச்சான். நெஜமாவான்னு கீது."

"அட, அது அப்படித்தான் நச்சரிக்கும். நீ கொடு!"

கொடுத்தான். இருபதே நிமிஷத்தில் ஜோராக ஏறிவிட்டது.

கடலுக்குப் போகிறவர்களின் போன் என்றைக்காவது தண்ணீரில் விழும். ஏழுமலைக்கு இதுவரை மூன்று போய்விட்டது. அதனால் படங்களை லேப்டாப்பில் ஏற்றி வைத்துவிடுவான். மகள் பிறந்ததிலிருந்து ஸ்கூலில் சேர்ந்தது வரை மொத்தமும் அதில்தான் இருந்தது.

லேப்டாப்பை வாங்கி வந்து, அழிந்ததை மீட்கிற ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு இரண்டு நாள் துழாவினேன். கிடைத்ததே கொஞ்சம், அதுவும் பாதிப் பாதிப் படங்கள். ஒன்றில் தூளி கட்டிய கயிறு தெரிகிறது. குழந்தை இருக்க வேண்டிய இடத்திலிருந்து கீழே வெறும் சாம்பல் நிறம்.

ஈஸியாகப் போடலாம் என்றால், ஈஸியாக அழிக்கலாம் என்றும்தானே அர்த்தம்? இத்தனை பேருக்கு யோசனை சொன்ன எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வுடு மச்சான்" என்று சொல்லிவிட்டு ஏழுமலை வெளியே போய்விட்டான். அவன் மனைவி அஞ்சலைதான் டீ கொடுத்தாள். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அழிச்சிடவான்னு அந்த மிஷினே ரெண்டு தபா கேட்டுச்சுண்ணே. உள்ள இன்னா கீதுன்னு நீங்க ஒரு தபாகூடக் கேக்கலியே."