சுத்தியலுக்கு எட்டாத வேலை

தனேஸ்வரியைப் பற்றி யாரும் தப்பாகப் பேசினால் நான் விடமாட்டேன். என் பேரன் திலீப்பின் மனைவி அவள். சுங்கை ஆயர் தாவார் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். கலும்பாங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே ரவாங்கில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். எங்கோ தூரத்தில் இருக்கும் கணினிக்குள் ஆட்கள் தங்கள் திரை வழியாகப் போய் வேலை செய்வார்களாம். தொடர்பு அறுந்துபோனால் இவளைக் கூப்பிடுவார்கள். இவள் திரும்பச் சேர்த்துவிடுவாள்.

திலீப்புக்கு லோரி வேலை போனதிலிருந்து அவள் வேலைமேல்தான் கோபம். இரண்டு முறை இணையக் கம்பியை அறுத்தான். இன்னொரு முறை பாதியில் காணாமல் போனால் வேலை இல்லை என்று கம்பெனி அவளிடம் சொல்லிவிட்டது.

போன திங்கட்கிழமை ஓர் ஆலையில் முப்பது பேருக்கு மாறிமாறித் தொடர்பு அறுந்துபோனது. காலையிலிருந்து தேடி, மதியம் காரணத்தைப் பிடித்துவிட்டாள். அதைச் சரிசெய்ய எழுதிக்கொண்டிருந்தபோது திலீப் குடித்துவிட்டு வந்தான்.

“எவன்டி அவன், சார் சார்னு கொஞ்சுற?”

“ஆலைக்காரங்க லா. கத்தாதீங்க, லைன்ல இருக்காங்க.”

சுத்தியலை எடுத்தான். முதல் அடி திரையில், இரண்டாவது விசைப்பலகையில். எழுத்துப் பொத்தான்கள் பல்லைப் போலத் தெறித்தன. தடுத்த கையில் அடுத்த அடி. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

“முடிஞ்சுதுடி உன் வேலை!”

இரும்புச் சட்டியால் அவன் முழங்கையில் போட்டேன். மறுபடியும் போட்டேன். சுத்தியல் விழுந்தது.

“நான் சோறூட்டி வளத்த கைடா, நானே ஒடிப்பேன்!”

சிதறிய பொத்தான்களை முந்தானையில் அள்ளினேன். அவள் வேலையெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு நாகமணியிடம் அவளை இழுத்துப்போய்க் கேட்டைப் பூட்டினோம். அவன் வெளியே நின்று உதைத்தான்.

தனேஸ்வரி இரத்தத்தைத் துப்பிவிட்டு, “அக்கா, லேப்டாப் இருக்கா?” என்றாள்.

“இந்தக் கோலத்துல லேப்டாப்பா? ஆஸ்பத்திரிக்கு வாடி!”

“வர்றேன்கா. ஒரு மணி நேரந்தான் அந்தத் தூரத்துக் கம்ப்யூட்டர் எனக்காகக் காத்திருக்கும். அப்புறம் தானா மூடிடும், எழுதினதெல்லாம் போயிடும்.”

நான் முந்தானையை விரித்துக் காட்டினேன்.

“கொட்டிருங்க பாட்டி. வேலை இதுல இல்ல, அங்க இருக்கு.”

நாகமணி கொடுத்த லேப்டாப்பில் ஒற்றைக் கையால் தட்டினாள். பாதியில் விட்ட வரி அங்கே அப்படியே நின்றது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்களை வெட்டிவிடும்படி யாரோ வைத்திருந்த கட்டளையை எடுத்துப்போட்டாள்.

“எல்லாரும் உள்ள வந்துட்டோம் மிஸ்,” என்றது போன். அதே போனில் அவளே போலீசைக் கூப்பிட்டாள்.

நிலையத்தில் அடித்தவன் பெயரைக் கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். சாட்சிக்குக் கைநாட்டும் வைத்தேன். புகாரைத் திரும்ப வாங்கச் சொல்லி என் மகள், அவனைப் பெற்றவள், தினமும் அழுகிறாள். வாங்க மாட்டேன். தனேஸ்வரி கட்டுப்போட்ட கையோடு கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவன் திரும்பி வந்தாலும், வீட்டுச் சாவி என் இடுப்பில் இருக்கிறது.