உப்புப் பார்க்காத இடியாப்பம்

பப்பாளிக்காயைத் தோல் சீவி, நூல் நூலாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிழிந்து, இட்லிக் கொப்பரையில் துணி விரித்து வேகவைத்தால் கிட்டத்தட்ட இடியாப்பம் மாதிரி இருக்கும். கிட்டத்தட்ட என்றுதான் சொல்கிறேன். இடியாப்பமே தோற்றுவிடும் என்று அடித்துவிடும் அளவுக்கு நான் பெரிய பொய்க்காரி இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், ஆரப்பாளையத்தில் ஆறு குடித்தனங்கள் இருந்த ஒரு காம்பவுண்டு வீட்டில், என் கணவருக்கு அதை வாரத்தில் ஆறு நாள் செய்து போட்டேன். அதனால் எனக்கு வந்த கெட்ட பெயர் கொஞ்சமில்லை.

அவருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அரசாங்க ஆபீசில் கிளார்க். நான் கன்னியர்கள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. மாதா கோயில் பூசை முடிந்து வெளியே வந்தால் போதும், தெரிந்தவர்கள் முதலில் என் வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்கள். நானும் பழகிக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்வேன். பழகவில்லை.

அந்த வருஷம் அவர் தண்ணீராகக் குடித்தார். சட்டைக் காலர் கழுத்தில் நிற்காமல் ஆடியது. டாக்டர் பார்த்துவிட்டு சர்க்கரை என்றார். இட்லி, இடியாப்பம், கிழங்கு எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும், மத்தியானம் சோறு ஒரு கரண்டிதான் என்றார். திரும்பி வரும்போது வைகைப் பாலத்தில் நின்று அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை, துவைத்த வேட்டிகள்தான் மணலில் காய்ந்துகொண்டிருந்தன.

"எங்கம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாது" என்றார்.

அவருடைய அப்பாவுக்கும் இதே சர்க்கரைதான். முதலில் கால் விரலில் ஒரு சின்னப் புண் வந்தது. பிறகு விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள், பிறகு ஆளே போய்விட்டார். திருவாதவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் என் அத்தைதான், அதாவது மாமியார்தான், இரண்டு வருஷம் அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டியவர். மகனுக்கும் அது வந்துவிட்டது என்று கேட்டால் அவர் தாங்க மாட்டார் என்று இவர் பயந்தார். வீட்டுக்கு வந்ததும் மாதா படத்துக்கு முன்னால் ஜெபமாலையைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன். அப்போது அது லேசான சத்தியமாகத்தான் தெரிந்தது.

இடியாப்பம் தின்று வளர்ந்த மனிதர் அவர். தேங்காய்ப்பால் இருந்தால் போதும், ஒரு ஈடு முழுக்க உள்ளே போய்விடும். நான் கோதுமைக் கஞ்சி வைத்தேன், சப்பாத்தி போட்டேன். ஆபீஸ் ஃபைலைப் பார்ப்பது போலவே அதையும் பார்த்தார். பத்து நாள் ஒழுங்காக இருந்தார். பதினோராம் நாள் ஆபீஸ் பக்கத்து ஹோட்டலில் புகுந்துவிட்டார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நீல மருந்துதான் காட்டிக்கொடுத்தது.

இப்போது மாதிரி விரலைக் குத்திப் பார்க்கும் பெட்டியெல்லாம் அப்போது எங்கள் வீட்டில் ஏது. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, இன்னும் இருந்தால் மஞ்சள். அன்றைக்குச் செங்கல் நிறத்துக்கு வந்தது. நான் குழாயை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"எத்தனை இடியாப்பம்?"

"நாலு" என்றார். பிறகு, "ஆறு" என்றார்.

அழுதேன், திட்டினேன். உங்கள் காலை நான் கழுவிக் கட்டமாட்டேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அதைச் சொன்னதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். ஆனால் ஒன்று புரிந்தது. இவருக்கு வேண்டியது நாக்கு ருசி மட்டுமில்லை. தட்டில் நூல் நூலாக ஒன்று சுருண்டு கிடக்க வேண்டும், அதன்மேல் பால் ஊற்றிப் பிசைய வேண்டும். அரிசி இல்லாமல் அந்த நூலை எங்கே பிடிப்பது?

முதலில் சுரைக்காயை வேகவைத்து இடியாப்பக் குழலில் போட்டுப் பிழிந்தேன். கூழாக வழிந்தது. வேகவைக்காமல் பச்சையாகப் போட்டு அழுத்தினேன், குழலின் கைப்பிடி உடைந்தது. புடலங்காயை நீள நீளமாக அரிந்தேன், ஆவி பட்டதும் துவண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. முள்ளங்கி நன்றாகத்தான் வந்தது, ஆனால் அதைத் தின்றுவிட்டு ஆபீஸ் போனவரைப் பக்கத்து நாற்காலிக்காரர் ஜன்னலோரம் போய் உட்காரச் சொன்னாராம்.

காம்பவுண்டுக் கிணற்றடியில் ஒரு பப்பாளி மரம் நின்றது. பழுத்தால் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வோம். காயை மட்டும் எந்தப் பெண்ணும் தொடமாட்டாள். பப்பாளிக்காய் கருவைக் கலைக்கும் என்பது எங்கள் ஊரில் எழுத்தறியாதவருக்கும் தெரிந்த விஷயம். நான் அதை மறந்தவள் இல்லை. ஆனால் கடினமாக, நீர் குறைவாக, தனி ருசி இல்லாமல் இருந்த ஒரே காய் அதுதான். ஒரு காயைப் பறித்து வந்து அரிவாள்மனையில் வைத்தேன்.

பள்ளிக்கூடம் இல்லாத அந்தச் சனிக்கிழமைக் காலைகள் இன்னும் எனக்குள் அப்படியே இருக்கின்றன. எங்கள் அடுப்படிக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக வெயில் ஒரு சின்னப் பாய் அளவுக்குத் தரையில் விழும். காலை ஒன்பது மணிக்கு அது தண்ணீர்ப் பானையடியில் இருக்கும், பதினொரு மணிக்கு அடுப்புக்கு வந்துவிடும். அந்த வெளிச்சத்துக்கு உள்ளேயே உட்கார்ந்து நறுக்குவேன். காயைச் சுற்றி மெல்லிய பட்டையாக அரிந்துகொண்டே வந்து, பட்டைகளை அடுக்கி, ஊசியில் கோக்கலாம் என்கிற அளவுக்கு நூலாக்குவேன். தையல்காரி கை, அது தானாக ஓடும். உப்பில் ஊறி, பிழிந்து, வெந்து வந்தால் வெள்ளை போய்க் கண்ணாடியாகிவிடும். ஒரு நூலைத் தூக்கி வெயிலில் பிடித்தால் அந்தப் பக்கத்துச் சுவர் தெரியும்.

கை ஓடும்போது மனம் எங்கேயோ போய்விடும். பள்ளிக்கூடத்து அலமாரியில் வகுப்புக்கு மாதிரி என்று வருஷா வருஷம் நான் தைத்து வைத்த குழந்தைச் சட்டைகள் இருந்தன. அவை ஒவ்வொன்றாக வெளியே வந்து கிணற்றடிக் கொடியில் காயும். ஈரக்காலோடு யாரோ ஒரு சின்னப் பெண் அந்த வெயில் பாயில் வந்து நிற்பாள். நான் நிமிர்ந்து பார்க்கமாட்டேன். பார்த்தால் போய்விடுவாள் என்று தெரியும். வெயில் அடுப்பைத் தொடும்வரை அவள் நிற்பாள்.

அதனால் நான் அந்தக் காயில் ஒரு நூலைக்கூட வாயில் வைத்ததில்லை. விரலைத் தெரியாமல் நக்கிவிடக்கூடாது என்று சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவுவேன். ஒவ்வொரு மாதமும் இந்த மாதம் இருக்கும் என்று ஒரு நினைப்பு. இருந்தால்? ருசி பார்க்கிறேன் என்று நானே அதைக் கெடுத்துக்கொண்டால்? படித்தவள்தானே, இதெல்லாம் நம்பலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நாலு வருஷம் காத்திருந்துவிட்டுக் கேளுங்கள்.

உப்பு, கை மதிப்புக்குப் போடுவதுதான். ஒருநாள் சப்பென்று இருக்கும், ஒருநாள் கரிக்கும்.

"உப்பு லீவு போட்டிருச்சா இன்னைக்கு?" என்பார் அவர். மறுநாள், "ராமேஸ்வரத்துக் கடலையே ஊத்திட்டியா?" என்பார்.

"கை அளவு தப்பிப்போச்சுங்க" என்பேன். காரணத்தைச் சொன்னதில்லை. ஆசையை வாய்விட்டுச் சொன்னால் கலைந்துவிடும் என்று ஒரு பயம். அவரும் போட்டதைத் தின்றார். நீல மருந்து மெல்ல மெல்லச் செங்கலிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து பச்சைக்கும் இறங்கியது. ஒருநாள் காலை, கொதித்து அடங்கிய பிறகும் நீலமாகவே நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம்.

காம்பவுண்டில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத் தவக்காலம் கைகொடுத்தது. "சார் ஏன் சோறு கொண்டுபோறதில்ல?" என்றால், ஒருசந்தி, ஒருவேளைதான் சாப்பாடு என்று சொல்லிவிடுவேன். நாற்பது நாளும் அவர் பெரிய பக்திமானாக உலவினார். ஈஸ்டர் வந்தது, எல்லார் வீட்டிலும் கறி மணத்தது. அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுக் குப்பையில் பப்பாளித்தோல் விழுந்துகொண்டே இருந்தது. மரத்தில் காய் தீர்ந்ததும் காய்க்காரியிடம் வாங்க ஆரம்பித்தேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்து, காயை முந்தானைக்குள் மறைத்துக் கொடுத்தாள். "உடம்பப் பாத்துக்க தாயி" என்றாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

விளங்கியவர் பக்கத்து வீட்டு அக்கா. ஈஸ்டருக்கு வந்து ஒருநாள் இருந்துவிட்டுப் போன அத்தையோடு அவருக்கு நல்ல பழக்கம். ஒரு இன்லண்ட் லெட்டர் எடுத்து, உங்கள் மருமகள் தினமும் பப்பாளிக்காய் தின்கிறாள், என்ன ஏது என்று வந்து பாருங்கள் என்று எழுதிவிட்டார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. கோயில் உபதேசியார்தான் வாசித்துக் காட்டினாராம். அப்புறம் கேட்க வேண்டுமா, ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு அத்தை வந்து நின்றார். வெயில் அடுப்பைத் தொட்டிருந்தது. என் மடிக்கு முன்னால் முறம் நிறையப் பப்பாளி நூல்.

"உண்மையச் சொல்லு ஆத்தா. பிள்ள வேண்டாம்னு கலைக்கிறியா?"

கிறிஸ்தவக் குடும்பத்தில் அதைவிடப் பெரிய பாவம் சொல்ல முடியாது. அதையும் என்னைப் பார்த்து! கொப்பரை மூடியைத் தூக்கி எறியலாமா என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும், உங்கள் மகனுக்குச் சர்க்கரை என்று. எதிரே மாதா படத்தில் ஜெபமாலை தொங்கியது.

"உங்க மகன் வரட்டும் அத்தை" என்றேன்.

"அவன் கெடக்கான், ஆம்பளப் பய. நீ சொல்லு."

நான் நறுக்கிக்கொண்டே இருந்தேன். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு நூலெல்லாம் தடித்தடியாக விழுந்தது.

அரை நாள் ஆபீஸ் முடிந்து அவர் வந்தார். அம்மாவைப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார். "கூட்டு வைக்கத்தாம்மா" என்றார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை.

"பிள்ளைக்கு ஏங்குற வீட்டுல, தெனமுமாய்யா பப்பாளிக்காக் கூட்டு? ஊரே சிரிக்குது. உம்பொண்டாட்டி வயித்தக் கழுவுறான்னு பேசுது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அது எனக்கும்மா. அப்பாவுக்கு இருந்தது எனக்கும் இருக்கு. சொல்லக்கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினது நான்தான்."

அத்தை அழுவார், தலையில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தோம். ஒன்றும் செய்யவில்லை. மகனுடைய வலது காலை இழுத்துத் தன் மடியில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, இடுக்குகளை வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார். பிறகு இடது கால். உள்ளங்காலைத் தடவினார், குதிகாலை அமுக்கினார். முடித்துவிட்டு, "புண்ணு இல்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அப்புறம் என்னிடம், "அவனுக்குப் போடு. பசியோட வந்திருக்கான்" என்றார்.

வெந்ததைத் தட்டில் போட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றினேன். அவர் ஒரு வாய் வைத்தார். அத்தையும் இரண்டு நூலை எடுத்து வாயில் போட்டார்.

"உப்பே இல்லயே. ஏத்தா, ஒரு வா வச்சுப் பாக்க மாட்டியா?"

"பப்பாளிக்காய் அத்தை" என்றேன். "நான் எப்படி வாயில வைப்பேன்? ஒருவேள இருந்தா?"

என் கணவருடைய கை தட்டிலேயே நின்றுவிட்டது. இத்தனை மாதம் சப்பென்றும் கரிப்பாகவும் தின்றதற்கெல்லாம் அவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. தலை குனிந்தபடி, உப்புக் கேட்காமல், ஒரு நூல் மிச்சமில்லாமல் தின்று முடித்தார். அத்தை என் தலையில் கை வைத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. என் கோபமும் அன்றைக்கே தீரவில்லை, அது தீர ஒரு வருஷம் ஆனது.

அடுத்த நாளிலிருந்து கொப்பரையைத் திறக்கிற நேரத்துக்கு என் கணவர் அடுப்படிக்கு வந்துவிடுவார். ஒரு நூலை எடுத்து ஊதி, வாயில் போட்டு, "இன்னும் ஒரு சிட்டிகை" என்பார், அல்லது தலையை ஆட்டுவார்.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவர் கடைசிவரை இரண்டு காலோடு நடந்தார். எனக்கு ஐம்பது தாண்டியது, தலை நரைத்தது, மாதக் கணக்கெல்லாம் நின்று போனது. அப்போதும் பப்பாளிக்காய் வைக்கிற நாளில் அவரே எழுந்து வந்து உப்புப் பார்த்தார். இனிமேல் நீயே பார்த்துக்கொள் என்று ஒருநாளும் சொல்லவில்லை.