சில்வர் பெயிண்ட் அடித்த டீசல் ஃபில்டர்

1. பாலத்து ஏற்றம்

ஆற்றுப்பாலத்துக்கு ஏறும் சாலையில் பாதி தூரம் போனதும் இன்ஜின் அணைந்துவிட்டது. விஜயதசமி அன்று காலை. வண்டி ஒரு பிக்கப். டெஸ்ட் டிரைவுக்காக ஓட்டியது நான். பக்கத்தில் எங்கள் மெக்கானிக் இசக்கி.

டீசல் வண்டியில் இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் போய்விடும். ஓரிரு மிதிக்குத் தாங்கும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். டிப்ளமா படித்த காலத்திலேயே இதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று பதற்றத்தில் அந்த இரண்டு மிதியையும் வீணடித்தேன். வண்டி பைய பின்னால் உருளத் தொடங்கிய பிறகுதான் படித்தது காலுக்குத் தெரிந்தது. பின்னால் டவுன் பஸ் ஒன்று ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் நின்றது. ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். இசக்கி கியரைத் தள்ளினான். நின்றது. இறங்கிப் பார்த்தபோது பஸ்ஸின் முகப்புக்கும் எங்கள் பின்கதவுக்கும் நடுவே ஓர் ஆள் நுழைய இடமில்லை.

"காலி வண்டிங்கதால நின்னுச்சு மேடம். லோடு இருந்திருந்தா பஸ்ஸுக்குள்ள போயிருப்போம்" என்றான் இசக்கி.

இதை எழுதும்போதும் என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

2. மினுக்கிய வண்டி

நான் பாளையங்கோட்டையில் ஒரு பட்டறையில் சர்வீஸ் சூப்பர்வைசர். வண்டி முக்கூடல்காரர் ஒருவருடையது. ஊரில் செங்கல் சூளை வைத்திருக்கிறார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. முதல் நாள் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் மாலையும் வண்டியில் அப்படியே இருந்தன. ஏற்றத்தில் வண்டி இழுக்கமாட்டேன் என்கிறது, மத்தியானத்துக்குள் சரிசெய்து கொடுக்க வேண்டும், சாயங்காலத்துக்குள் குலசேகரன்பட்டினத்தில் ஒரு தசரா குழுவை இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். மாலை போட்டு, விரதமிருந்து, வேடம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, விஜயதசமியன்று குலசை அம்மன் கோயிலில் கொண்டு சேர்ப்பது நேர்ச்சை. இத்தனை நாள் விரதத்துக்குத் திட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு வண்டியை ஒரு நாள் முன்னால் பட்டறைக்குக் கொண்டுவரத் தெரியவில்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்ற சட்டமும் தசரா வந்தால் மலையேறிவிடும்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து முன்மூடியைத் திறந்தோம். அண்ணாச்சி இதற்காகவே காத்திருந்தவர்போல நெஞ்சை நிமிர்த்தினார். உள்ளே எல்லாம் வெள்ளியாக மின்னியது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டு சில்வர் பெயிண்ட் அடிப்பாராம். பிராக்கெட்டுக்கு அடித்திருந்தார்கள். குழாய்க்கு அடித்திருந்தார்கள். கழற்றி எறிய வேண்டிய டீசல் ஃபில்டருக்கும் அடித்திருந்தார்கள். டேஷ்போர்டில் டீசலில் தண்ணீர் கலந்திருப்பதைக் காட்டும் விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. எந்நேரமும் எரிந்து கண்ணை உறுத்தியதாம்.

"ஃபில்டர கடைசியா எப்ப மாத்துனிய அண்ணாச்சி?"

"அத எதுக்கு மாத்தணும்? நல்லாத்தான இருக்கு. எப்படி மின்னுது பாருங்க."

மின்னத்தான் செய்தது. ஒரு ஃபில்டரின் நல்லது கெட்டதை அதன் வெளித்தகரத்தில் பார்க்கிற ஆளிடம் என்ன பேச? இத்தனைக்கும் வீட்டில் குடிக்கிற தண்ணீருக்கு மெஷின் வைத்திருக்கிறார். அதற்கு ஃபில்டர் மாற்ற ஆள் வர ஒரு நாள் தாமதமானாலும் போனில் சத்தம் போடுவாராம். அவரே பெருமையாகச் சொன்னதுதான்.

டப்பா மாதிரி திருகிக் கழற்றும் ஃபில்டர் அது. கையால் இறுக்கி, கையால் தளர்த்த வேண்டியது. பெல்ட் ரெஞ்ச் போட்டால் வழுக்கியது. செயின் ஸ்பேனர் போட்டால் தகரம் நசுங்கியதே தவிர அசையவில்லை. நான் ஸ்டோரில் புது ஃபில்டரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இசக்கி, பொறுமை போனவர்கள் செய்கிற கடைசி வேலையைச் செய்தான். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே அடித்துச் செருகித் திருப்பினான். டப்பா கிழிந்து பாதி கையோடு வந்தது. மரை உள்ள அடித்தட்டு மட்டும், ஃபில்டரைத் தாங்கும் ஹெட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கீழே வைத்த டிரேயில் விழுந்ததை டீசல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வண்டல் கலந்த பழுப்புத் தண்ணீர். அதைப் பார்த்தும் அண்ணாச்சி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நசுங்கிப்போன சில்வர் பெயிண்ட்டைத்தான் பார்த்து வருத்தப்பட்டார்.

3. பஸ் டிக்கெட்

இந்த நேரத்தில் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. வண்டிக்குக் காத்துக் காத்து அலுத்துப்போய் குழு இங்கேயே வந்துவிட்டது. கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு காளி இறங்கினார். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பேச்சிமுத்து, குழுவுக்குத் தலைவர். அவருக்குப் பின்னால் ராஜா, போலீஸ், கரடி. கடைசியாக, வாலைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஒரு குரங்கு இறங்கியது. என்னைப் பார்த்ததும் முகத்துச் சாயத்துக்குள் அதன் கண் விரிந்தது.

"எம்மா" என்றது.

என் மகன். கல்லூரியில் இரண்டாம் வருஷம். குழு வேனில் போகிறது, எல்லோருக்கும் சீட் இருக்கிறது என்று என்னிடம் சொல்லியிருந்தான். போன வருஷம் அவனுக்கு டெங்கு வந்து ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போனபோது, பிழைத்தால் வேடம் கட்டி அனுப்புகிறேன் என்று வேண்டிக்கொண்டது நான்தான். ஆகவே போகாதே என்று சொல்லவும் எனக்கு வாயில்லை. அந்த வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். காலையில் அது அந்தப் பக்கமாகத்தான் உருண்டது.

அண்ணாச்சி இதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அடித்தட்டு வராவிட்டால் விட்டுவிடலாம், ஃபில்டரே வேண்டாம், ஒரு டியூபை வைத்து டைரக்டாகக் கொடுத்துவிட்டால் ஓடும், அவர் ஊரில் ஓடுகிறதாம். டேங்கில் இருக்கிற வண்டல் அத்தனையும் நேராகப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போகும், எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றேன். மேனேஜரிடம் போனார். எங்கள் மேனேஜர் விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவர். வாடிக்கையாளரின் முகச் சுளிப்பைத் தவிர வேறு எந்த வார்னிங் விளக்கும் அவர் கண்ணுக்குத் தெரியாது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், டியூப் போட்டு விட்டுருவோம். இன்னைக்கு ஒரு நாள்தான. அந்தக் குரங்கு உங்க பையன்னு இசக்கி சொன்னான். பயமா இருந்தா அவன மட்டும் பஸ்ல அனுப்பிருங்க. டிக்கெட்டுக்கு நான் தாரேன்."

அவர் அதைக் கெட்ட மனதோடு சொல்லவில்லை. எனக்குச் சலுகை காட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார். அதில்தான் என் உடம்பு கூசியது. அதைவிடக் கூசியது, ஒரு மூச்சு நேரம் என் மனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எந்த பஸ்ஸில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று பார்த்துவிட்டு வந்ததில்.

வெளியே வந்தேன். பேச்சிமுத்து டீ கிளாஸோடு எதிரே வந்தார்.

"மேடம், உள்ளதச் சொல்லுங்க. இதுல ஏறுனா போய்ச் சேருவோமா?"

"என் பையனுக்கு பஸ் டிக்கெட் எடுத்துத் தாரேங்காவ. உங்களுக்கு எடுக்கதாச் சொல்லல" என்றேன்.

பேச்சிமுத்து கிளாஸைக் கீழே வைத்தார். மேனேஜரைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். கறுப்புச் சாயம் பூசி, தொங்கும் நாக்கைக் கழுத்துக்குத் தள்ளிவிட்டுக்கொண்டு ஓர் ஆள் பார்ப்பது சாதாரணப் பார்வை அல்ல. அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சரியாக் கழத்தட்டும்வே" என்றார் பேச்சிமுத்து. "நாங்க இங்கன இருக்கோம். அம்மன் எங்கயும் போயிர மாட்டா." குழு மொத்தமும் பட்டறைத் தரையில் உட்கார்ந்தது. கரடி தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டது.

பிறகு நடந்தது வெறும் வேலை. கிழிந்த தட்டின் விளிம்பை டார்ச் அடித்துப் பார்த்தேன். தட்டும் ஹெட்டும் சேரும் கோடே இல்லை. வருஷத்துக்கு ஒரு கோட்டாகப் பெயிண்ட் இறங்கி இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது. இத்தனை நேரம் நாங்கள் போராடியது திருகோடு அல்ல, அண்ணாச்சியின் அழகுணர்ச்சியோடு. தின்னர் நனைத்த துணியைச் சுற்றிவிட்டு, ஊறியதும் ஹேக்சா பிளேடின் முனையால் சுற்றிலும் சுரண்டினேன். இசக்கி உளியை விளிம்பில் சாய்த்து வைத்து, தளரும் பக்கமாகப் பைய தட்டினான். நிறைய நேரம் ஒன்றும் இல்லை. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் கையாலேயே சுற்றி வந்துவிட்டது.

பழைய ரப்பர் வளையம் ஹெட்டிலேயே ஒட்டியிருந்தது. அவசரக்காரர்கள் அதன்மேலேயே புது ஃபில்டரை ஏற்றிவிடுவார்கள். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. சூடான இன்ஜின்மேல் டீசல் ஒழுகும். அதைச் சுரண்டி எடுத்தோம். டேங்கை வடித்துக் கழுவி நல்ல டீசல் ஊற்றினோம். புது ஃபில்டரைக் கையால் மட்டும் இறுக்கி, பிரைமிங் பம்பை அமுக்கிக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். கறுப்பு டேப்பைப் பிய்த்தேன். விளக்கு எரியவில்லை. பட்டறையில் நின்ற, செங்கல் ஏற்றிய இன்னொரு வண்டியிலிருந்து பாதி லோடை இதில் மாற்றி, அண்ணாச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏற்றத்தில் நடுவழியில் நிறுத்தி நிறுத்தி எடுத்துக் காட்டினேன். திரும்பி வந்து இறங்கும்போது அவர், புது ஃபில்டர் கறுப்பாக இருக்கிறதே, மேட்ச் ஆகவில்லையே என்றார்.

செங்கலை இறக்கியதும் குழு ஏறியது. என் மகனும் ஏறினான். மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அன்று அவர்கள் குலசை போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வரும்வரை நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். சரியாக வேலை செய்தால் பயம் போய்விடும் என்று நினைத்து யாரும் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம்.

பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, "உன் பிள்ளையை இதில் ஏற்றுவாயா என்று கேட்டுப் பார்த்துவிட்டு சாவியைக் கொடு" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பெரிய அயோக்கியத்தனத்தைச் செய்யலாம் என்று அன்று எனக்குத் தெரிந்தது. நம் பிள்ளையை இறக்கிவிட ஒரு பஸ் டிக்கெட் போதும். இறக்கிவிட்டால் நம் மனசாட்சிக்கு வேலை முடிந்துவிடும். நீங்கள் அப்படிக் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளை வீட்டில் பத்திரமாக இருக்கிறான் என்று முதலில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் சாவியைக் கொடுக்கக் கை தயங்குகிறதா என்று பாருங்கள்.