ஒரு கோபம் அனுப்புங்க

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சேர்ந்த புதிதில் ‘படப்பிரிவு அக்கா’ என்றார்கள். அது தேய்ந்து தேய்ந்து ‘படக்கா’ ஆகிவிட்டது. ஆசிரியர் முதல் வாசல் காவலாளி வரைக்கும் எல்லாருக்கும் படக்காதான். சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர் இருக்கும். அதைப் பார்க்கும்போது ‘இது யாருடியம்மா?’ என்று அவளுக்கே ஒரு நிமிஷம் தோன்றுமாம்.

இரண்டாவது மாடியில், கழிப்பறையைத் தாண்டி, காற்றே வராத மூலை அறை அவளுடையது. சுவரெல்லாம் இரும்பு பீரோ. கம்ப்யூட்டர் வந்த பிறகும் பீரோவை யாரும் நகர்த்தவில்லை. அந்த இடுக்கிலேயே மேஜையைச் செருகி வைத்துவிட்டுப் போனார்கள். புருஷன் போய்ச் சேர்ந்த வருஷம் உள்ளே நுழைந்தவள். பிள்ளை குட்டி கிடையாது. இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த மூலை அறையும், பஸ் ஓட்டுகிற ஒரே ஒரு தம்பியும்தான்.

வேலை இதுதான். புகைப்படக்காரர்கள் எடுத்துக்கொண்டு வருகிற படங்களைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்கும்போது கொடுக்க வேண்டும். தேதி, இடம் எல்லாம் அவள் குறித்துத்தான் வைப்பாள். ஆனால் அச்சுக்குப் போகிற அவசரத்தில் தேதியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய? அதனால் படங்களை அவள் தன் இஷ்டத்துக்கு முகபாவப்படி பிரித்து வைத்திருந்தாள். கோபம் ஒரு அடுக்கு, அழுகை ஒரு அடுக்கு, வரிசையில் நிற்பது, வெயிலில் வாடுவது, சும்மா உட்கார்ந்திருப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் உண்டு.

“படக்கா, விலைவாசிச் செய்தி. ஒரு கவலை அனுப்புங்க” என்று போன் வரும்.

“ஆம்பளைக் கவலையா, பொம்பளைக் கவலையா?”

“பொம்பளைக் கவலை. கையில பை இருந்தா ரொம்ப நல்லது.”

சொல்லி வாய் மூடுவதற்குள் பையோடு ஒரு கவலை போய்ச் சேர்ந்துவிடும். அச்சில் வரும்போது படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ‘கோப்புப் படம்’ என்று போடுவார்கள். இது பழைய படம், இன்றைய செய்திக்கும் இதில் இருக்கிறவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று அர்த்தம். அந்த இரண்டு வார்த்தை இருக்கிறவரைக்கும் எந்தப் படத்தை எங்கே போட்டாலும் பாவமில்லை. அதுதான் அந்தத் தொழிலின் நியாயம்.

கோப அடுக்கில் அவளுக்கு ஒரு செல்லப் படம் இருந்தது. எப்போதோ ஒரு காலத்தில், வேலை நேரத்தைக் கூட்டியதற்காக பஸ் டிப்போ வாசலில் ஊழியர்கள் கூடிக் கத்தினார்கள். அந்தக் கூட்டத்தின் நட்ட நடுவில் கையை ஓங்கி, வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறவன் அவள் தம்பி. பார்த்தால் ஊரையே கொளுத்திவிடுவான் போல இருக்கும். உண்மையில் நடந்தது வேறு. பக்கத்தில் நின்ற கண்டக்டர் பூட்ஸ் காலால் அவன் காலை மிதித்துவிட்டார். அதற்குத்தான் அந்தக் கத்தல்! முதல் தரம் அந்தப் படம் பேப்பரில் வந்தபோது குடும்பமே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்கப்புறம் கோபமான கூட்டம் என்று யார் கேட்டாலும் அவள் கை தானாக அதற்குத்தான் போகும். தண்ணீர்ப் பிரச்சினைக்கு வந்தான், பரீட்சைக் குளறுபடிக்கு வந்தான், வெளியூர் ரயில் மறியலுக்கும் வந்தான்.

“அக்கா, என் கோபத்துக்குத் தனியா சம்பளம் வாங்கிக் குடு” என்பான் தம்பி.

அலுவலகத்தில் அவள் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. தெரிந்தால் வேண்டியவனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்பார்கள். தம்பி முகம் பேப்பரில் வருகிறது, அவ்வளவுதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்துவிட்டாள். பைத்தியக்காரி!

பிறகு பத்திரிகை கைமாறியது. வாங்கியவருக்குச் சிமெண்ட் ஆலை, துறைமுகம், மின்சாரம் என்று ஏகப்பட்ட தொழில். பத்திரிகை நஷ்டத்தில் ஓடுகிறது என்று தெரிந்தும் ஏன் வாங்கினார் என்று எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சிமெண்ட்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்ததோடு சரி. அவர் முகத்தை நேரில் யாரும் பார்க்கவில்லை. மேல் மாடியை மட்டும் காலி செய்து, கண்ணாடிக் கதவு போட்டு, தன் ஆட்களை உட்கார வைத்தார். அவர்கள் சத்தம் போட்டுப் பேசமாட்டார்கள், யாரையும் திட்டமாட்டார்கள். லிஃப்டில் பார்த்தால் ரொம்ப மரியாதையாகப் புன்னகைப்பார்கள். அந்தப் புன்னகையைக் கண்டால் படக்கா லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறிப் போய்விடுவாள்.

கண்ணாடிக் கதவின் பிசின் வாசனை போவதற்குள் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டதாகச் சொன்னார். ஆட்சி முடிய இன்னும் எவ்வளவோ காலம் இருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் வேட்பாளரைத் தேடி ஓடிக்கொண்டிருந்தபோது, படக்காவின் பத்திரிகையில் மட்டும் தேர்தல் சிறப்புப் பக்கங்கள் தயாராக இருந்தன. ‘ஏன் வாங்கினார்’ என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கு அன்றைக்கு விளங்கிவிட்டது. விளங்கி என்ன பிரயோஜனம், யாரும் வாயைத் திறக்கவில்லை.

மேல் மாடியிலிருந்து படக்காவுக்கும் உத்தரவு வர ஆரம்பித்தது. பிரதமர் படம் கீழேயிருந்து எடுத்ததாக, முகத்தில் வெளிச்சம் விழுவதாக இருக்க வேண்டும். எதிர்க்கட்சித் தலைவி கண்ணை மூடியது, வாய் கோணியது, தும்மப் போகிறது இருந்தால் அனுப்ப வேண்டும். யாராக இருந்தாலும் தும்மும்போது அழகாகவா இருப்பார்கள்? அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் தேடி எடுத்துக் கொடுத்தாள். கேட்டதைக் கொடுப்பதுதானே தன் வேலை என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பிரச்சாரம் சூடு பிடித்த நேரத்தில், ஒரு காலை வேளையில் ஆளுங்கட்சியின் தேர்தல் அலுவலகம் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. உள்ளே இருந்த காவலாளி வெளியே வர முடியாமல் செத்துப்போனார். யார் வைத்தது, எப்படிப் பிடித்தது, ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் படக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் கவளத்தை வாயில் வைத்தபோது, முதல் பக்கம் போடுகிறவர் போனில் வந்தார்.

“படக்கா, சீக்கிரம் ஒரு கோபம் அனுப்புங்க. கூட்டமா இருக்கணும்.”

எச்சில் கையை வைத்துக்கொண்டு இடது கையாலேயே தட்டி அனுப்பினாள். எதை அனுப்பினோம் என்று யோசிக்கக்கூட இல்லை.

மறுநாள் காலையில் பேப்பர் வந்தது. முதல் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு தம்பி கத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற கண்டக்டரை வெட்டிவிட்டு, தம்பியைப் பெரிதாக்கியிருந்தார்கள். கீழே ‘தீ வைத்த கும்பலின் ஆவேசம்’ என்று இருந்தது. அந்த இரண்டு வார்த்தைகளைத் தேடினாள். பேப்பரைக் கண்ணருகே கொண்டுபோய், சாய்த்துப் பார்த்துத் தேடினாள். எங்கேயும் இல்லை.

“கோப்புப் படம்னு போடலையே, மறந்துட்டீங்களா?” என்று முதல் பக்கத்துக்காரரிடம் ஓடினாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார். “மறக்கலக்கா. தேர்தல் முடியற வரைக்கும் முதல் பக்கத்துல அது வேணாம்னு மேலேயிருந்து உத்தரவு. படிக்கிறவங்களுக்குக் குழப்பமா இருக்காம்.”

படக்கா உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பி முதலில் சிரித்தான். “தீ வெச்ச நேரத்துல நான் வண்டியில இருந்தேன்க்கா. பஸ் முழுக்க சாட்சி. எவன் என்ன பண்ணிடுவான்?” என்றான். அன்றைக்குச் சாயங்காலமே சிரிப்பு நின்றுவிட்டது. பஸ்ஸில் ஏறிய ஒருத்தர் அவன் முகத்தையும் கையிலிருந்த பேப்பரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப்போனார். அடுத்த நாள் டிப்போ வாசலில் முன்பின் தெரியாத ஆட்கள் பேப்பரை நீட்டி, “இந்த ஆள் யாருன்னு தெரியுமா?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். டிப்போவில் எல்லாரும் தெரியாது என்று சாதித்துவிட்டார்கள். தம்பி பின்வாசல் வழியாக வெளியேறி, அவன் காலை மிதித்த அதே கண்டக்டர் வீட்டில் போய்ப் பதுங்கினான். வீட்டில் அவன் மனைவியும் நாலு வயசுப் பெண் குழந்தையும் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

“அண்ணி, பாப்பா அப்பா எங்கேன்னு கேட்டு அழறா. எத்தனை நாளைக்குப் பொய் சொல்றது?” என்று தம்பி மனைவி போனில் விசும்பினாள்.

போனை வைத்ததும் படக்கா நேரே ஆசிரியர் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனுஷர். புருஷன் இறந்தபோது வீட்டுக்கு வந்து, அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்ததே அவர்தான். அவரை விட்டால் யாரிடம் போவாள்? நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, பொலபொலவென்று கொட்டிவிட்டாள்.

“சார், அந்தப் படத்துல இருக்கிறது என் கூடப்பொறந்த தம்பி சார். ஒரு பாவமும் அறியாதவன். நான்தான் அனுப்பினேன். திருத்தம் போடுங்க சார், உங்க காலைப் பிடிக்கிறேன்.”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு அவளை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார்.

“உன் தம்பியா அது? இத்தனை வருஷம் சொல்லவே இல்லையேம்மா.”

“வேண்டியவனுக்குச் சலுகை காட்டறான்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்தேன் சார்.”

“சரி, அழாதே. திருத்தம்னா மொட்டையா போட முடியாது, யாரும் நம்பமாட்டாங்க. பேர் என்ன, எந்த டிப்போ, வீடு எங்க, எல்லாம் தெளிவாச் சொல்லு.”

அவள் சொன்னாள். ஐயோ, என்னவெல்லாம் சொன்னாள்! தெருவைச் சொன்னாள், வீட்டுக்கு முன்னால் தையல்கடை இருக்கிறது என்று அடையாளம் சொன்னாள். அந்த டிப்போ போராட்டத்தில் சங்கத்துக்காக அவன் வேலை நிறுத்தம் செய்ததைச் சொன்னாள். ஆசிரியர் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். தன் கவலையை ஒருத்தர் இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறாரே என்று அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று.

“முகம் தெளிவா தெரியற மாதிரி ஒரு படம் இருந்தா குடும்மா. கத்தற முகத்தைப் பாத்தவங்க நல்ல முகத்தையும் பாக்கட்டும்.”

போனில் தேடி, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் சிரிக்கிற படத்தை எடுத்தாள். குழந்தை இரண்டு கையாலும் அப்பன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த யாருக்குத்தான் மனசு இளகாது? ஆசிரியரும் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கண் கலங்கினார். அவள் அதைத் தன் கண்ணால் பார்த்தாள், சத்தியமாகப் பார்த்தாள்.

“மேல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டுடறேன்” என்றார் ஆசிரியர். சொல்லும்போது கண்ணாடியைத் துடைத்தவர், அவள் எழுந்து கும்பிட்டு வெளியே போகிறவரைக்கும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாடிப்படியில் இறங்கும்போதே தம்பிக்குப் போன் போட்டாள். “நாளைக்குக் காலையில திருத்தம் வந்துடும்டா. ஆசிரியர் வாயால சொல்லிட்டார். நீ வீட்டுக்குப் போ. பாப்பா ஏங்கிப் போயிருக்கா.”

“நிஜமாவாக்கா?”

“நான் என்னைக்குடா உன்கிட்ட பொய் சொன்னேன்? தைரியமாப் போ.”

அக்கா சொன்னால் தம்பிக்கு அதற்கு மேல் பேச்சில்லை. கண்டக்டர் இன்னும் ஒரு நாள் இருந்து பார்க்கலாமே என்றாராம். அவன் கேட்காமல் அன்று மாலையே வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் படக்கா குளித்து, தலையை வாரிக்கொண்டு, தெருமுனைக் கடைக்குப் பேப்பர் வாங்கப் போனாள். திருத்தம் என்றால் உள்பக்கத்தில், கீழ் ஓரத்தில், கட்டம் கட்டிப் போடுவார்கள். அதனால் கடை வாசலிலேயே நின்று உள்பக்கத்தை முதலில் பிரித்துப் பார்த்தாள். இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை. கடைக்காரர், “என்னங்க, விஷயமெல்லாம் முதல் பக்கத்துலல்ல இருக்கு” என்று பேப்பரை வாங்கி மடித்துக் கொடுத்தார்.

‘தீ வைத்த கும்பலின் தலைவன் அடையாளம் தெரிந்தது.’

அதன் கீழே தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். குழந்தையை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். அவசரத்தில் சரியாக வெட்டவில்லை. அவன் தலைமுடியில் சின்னச் சின்ன விரல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. பெயர் இருந்தது. டிப்போ இருந்தது. எதிர்க்கட்சித் தொழிற்சங்கத்தில் நெடுநாளாகத் தீவிரமாக இயங்கியவன் என்று இருந்தது. தெருப் பெயரும், தையல்கடைக்கு எதிர்வீடு என்பதும்கூட விடாமல் இருந்தது. நேற்றுவரைக்கும் அது யார் என்று தேடியவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது. அவள்தான், அவளே தன் வாயால், போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அவசரத்தில் போனைக் கீழே போட்டாள். எடுத்து, தப்புத் தப்பாக அமுக்கி, கடைசியில் தம்பி எண்ணைப் பிடித்தாள். அவன் உடனே எடுத்தான்.

“என்னக்கா, வந்துடுச்சா?” குரலில் அப்படியொரு சந்தோஷம். பின்னால் குழந்தை எதற்கோ கெக்கலி கொட்டிச் சிரிப்பது கேட்டது. “நான் இன்னும் பாக்கல. இரு, இரு, வாசல்ல யாரோ வந்திருக்காங்க. நாலஞ்சு பேர் இருப்பாங்க போல. கையில பேப்பர் வெச்சிருக்காங்கக்கா! திருத்தத்தைப் பாத்துட்டு விசாரிக்க வந்திருக்காங்கன்னு நினைக்கிறேன்.”

“டேய், திறக்காதேடா! திறக்காதே!” என்று அவள் நடுத்தெருவில் நின்று அலறினாள்.

அவன் அதற்குள் போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். “வாங்க, வாங்க” என்று அவன் சொல்வதும், தாழ்ப்பாளை இழுக்கிற சத்தமும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டன.